சவுக்கு வில்லும் திருஷ்டிப் பூசணிக்காயும்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. நான் ஒரு வில் செய்தேன்.
2. அது பார்ப்பதற்கு வில் மாதிரியே இருந்தது.
3. அப்பா அதைப் படம் எடுத்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அனுப்பினார்.
4. அம்மா அதற்குச் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, ஆயுத பூஜையில் சேர்த்துவிட்டாள்.
5. மறுநாள் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.
6. வந்தவர்கள் வில்லையும் பார்த்தார்கள்.
7. ஒரு பூசணிக்காய் உடைந்தது.
8. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற ஒருவரின் வேட்டி, துவைத்தும் பயனில்லாத நிலையை அடைந்தது.

பட்டியலில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. இரண்டு குடும்பங்கள் சேர்ந்து விழும் அளவுக்குப் பெரிய பள்ளம்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் இயந்திரப் பொறியியல் படித்தவள். தண்ணீர் பம்பு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவில் வேலை. ஒரு பாகம் எவ்வளவு சுமை தாங்கும், தாங்காமல் போனால் எந்த இடத்தில் உடையும் என்பதைக் கணினியில் பார்த்து முன்கூட்டியே சொல்வதற்காக எனக்கு மாதாமாதம் சம்பளம் தருகிறார்கள். (இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் தங்கை சௌமி வைத்துக்கொண்டிருந்தாள்.)

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில், இதுவரை என் கையால் முழுதாகச் செய்த பொருள் என்ன என்று யோசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடக் கண்காட்சிக்குச் செய்த தெர்மாகோல் எரிமலை மட்டும்தான் நினைவுக்கு வந்தது. அதிலும் மலை அப்பா செய்தது. நான் செய்தது புகை. பொறியாளர் என்று அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு இது போதாது என்று தோன்றியது.

ஏன் வில் என்று பலரும் கேட்டார்கள். என் பக்கத்து நியாயம் எளிமையானது. வில்லில் ஆணி இல்லை, பசை இல்லை, மோட்டார் இல்லை. ஒரே ஒரு பாகம் கொண்ட இயந்திரம். ஒரே ஒரு பாகத்தில் எத்தனை தவறு செய்துவிட முடியும் என்று நினைத்தேன். விடையை இப்போது தனியாக ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

மரத்துக்கு அதிகம் அலையவில்லை. எங்கள் பக்கத்துக் கடற்கரையெல்லாம் சவுக்குதான். பிரெஞ்சுக்காரர்கள் ஒருகாலத்தில் ஆண்ட எங்கள் ஊரின் கதிர்காமம் பகுதியில், எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பந்தல் கால்கள் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எதுக்கும்மா, பந்தலுக்கா, சாரத்துக்கா?"

"வில்லு செய்யறதுக்குண்ணா."

அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "பந்தலுக்குன்னா பத்து கழி எடுப்பாங்க. வில்லுக்கு ஒண்ணு போதுமா?"

"போதும்."

"தப்பாப் போச்சின்னா?"

"தப்பாதுண்ணா," என்றேன். (இந்தத் தொனியில் நான் பேசிய கடைசி வாக்கியங்களில் இதுவும் ஒன்று.)

கழியை இரண்டாகப் பிளந்து, நல்ல பாதியை மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் காய வைத்தேன். மரம் மெதுவாகக் காய வேண்டும்; வெயில் படக் கூடாது. ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், என் மரம் உச்சி வெயிலில் துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றது. அதன் தலையில் அப்பாவின் லுங்கி.

"அம்மா, அது காயணும்னு வெச்சிருக்கேன்."

"வெயில்ல வெச்சாதானடி காயும்?" என்றாள் அம்மா.

பிறகு செதுக்கும் வேலை. மூன்று கோணங்களில் வரைபடம் போட்டு, எங்கெங்கே எவ்வளவு தடிமன் என்று குறித்து வைத்திருந்தேன். உளியும் இழைப்புளியும் வாங்கினேன். அலுவலகத்திலிருந்து வந்ததும் மாடிக்குப் போய்விடுவேன். மரத்தூள் கீழ்வீட்டில் காயப்போட்ட மாவடு வரைக்கும் பறந்தது. வில்லின் நடுவே கைப்பிடி. அதற்கு மேலும் கீழும் இரண்டு கைகள். இரண்டும் ஒரே மாதிரி வளைய வேண்டும். எந்தக் கை விறைப்பாக இருக்கிறதோ அதைக் கொஞ்சம் சுரண்டு, இழுத்துப் பார், மறுபடி சுரண்டு. வில் செய்வது என்பது முக்கால்வாசி இதுதான். இழுக்கும் பலத்தை அளக்க, பிள்ளைச்சாவடியில் மீன் விற்கும் என் சின்னம்மாவிடம் கொக்கித் தராசு ஒன்றைக் கேட்டு வாங்கினேன்.

"இன்னா எடை போடப் போற?" என்றார் சின்னம்மா.

"என் பலத்த."

"கழுவிட்டுக் குடு."

யார் எதைக் கழுவ வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. தராசின் மீன் வாடை வில்லுக்கு ஏறி, கடைசிவரை போகவில்லை. நாணும் அவர் தந்ததுதான். வலை பின்னும் நைலான் கயிற்றை மூன்று புரியாக முறுக்கியது.

இந்த இடத்தில் ஒரு சிறிய தொழில்நுட்ப விவரம் சொல்ல வேண்டியிருக்கிறது. மேல் கையின் நடுவில் ஒரு கணு இருந்தது. கிளை முளைத்த இடம். அங்கே மரம் கொஞ்சம் மேடாக, உருண்டையாகப் புடைத்திருந்தது. மரத்தின் நார்கள் அந்த மேட்டைச் சுற்றி வளைந்துதான் ஓடும். மேட்டைச் சீவினால் நார் அறுந்துவிடும். ஆகவே அதை அப்படியே விட்டுவிட வேண்டும். இது எனக்குத் தெரியும். படித்திருந்தேன். ஆனால் என் வரைபடத்தில் அந்த இடத்தில் நேர்கோடு இருந்தது. மரத்தில் மேடு இருந்தது. இரண்டில் ஒன்று தவறாக இருக்க வேண்டும். நான் மரத்தைத் திருத்தினேன்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசியதும் வில் கடையில் வாங்கியது போல மின்னியது. மூங்கில் குச்சியில் மூன்று அம்பு செய்து, முனையில் ரப்பர் மூடி மாட்டினேன். மாடிச் சுவரில் பழைய மெத்தையைச் சாய்த்து வைத்து எய்தேன். முதல் அம்பு மெத்தையில் பட்டது. இரண்டாவது சுவரில் பட்டது. மூன்றாவது பக்கத்து மாடியில் உலர்ந்துகொண்டிருந்த கூழ் வடகத்தின் நடுவே செங்குத்தாக நின்றது. அத்துடன் அப்பா என் பயிற்சிக்குத் தடை விதித்தார்.

தடை விதித்த அதே அப்பாதான் வில்லைப் படமும் எடுத்தார்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். மில் மூடிய பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜர் ஆனார். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஊரார் பெண்களின் கல்யாணத்துக்கு ஜெனரேட்டர் போட்டு, விளக்கு அணைத்து, சாவி பூட்டி வருகிறவருக்குத் தன் பெண்ணின் கல்யாணம் பற்றி எவ்வளவு கவலை இருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். என் ஜாதகத்தோடு அனுப்ப நல்ல புகைப்படம் தேடியவர், நான் நாண் ஏற்றிய வில்லோடு மாடியில் நிற்கும் படத்தைத் தேர்ந்தெடுத்தார். "மத்த பொண்ணுங்கள்லாம் பூந்தொட்டி பக்கத்துல நிக்குதுங்க. நம்ம பொண்ணு தனியா தெரியட்டும்," என்றார்.

தனியாகத்தான் தெரிந்தேன். ஒரு வீட்டிலிருந்து, "பொண்ணு கோவக்காரியா?" என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டிலிருந்து பதிலே இல்லை. லாஸ்பேட்டையிலிருந்து மட்டும் ஒரு கேள்வி வந்தது. மாப்பிள்ளையே நேராக அப்பாவுக்கு எழுதியிருந்தார்: "வில் நன்றாக இருக்கிறது. என்ன மரம்? எவ்வளவு நாள் காய வைத்தார்கள்?"

அவர் பெயர் சரவணன். கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் கூடத்தில் வேலை. கான்கிரீட் கட்டிகளை இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு சுமையில் உடைகிறது என்று குறிப்பது அவர் தொழில். அந்தச் செய்தியை நான் திரும்பத் திரும்பப் படித்ததாகச் சௌமி சொல்வாள். அது மிகை. இரண்டு முறைதான் படித்தேன். மற்ற முறைகளில் நேரம் பார்க்கத்தான் போனை எடுத்தேன்.

விஜயதசமி நல்ல நாள், அன்று காலை பெண் பார்க்க வருகிறோம் என்று சொன்னார்கள். அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை.

எங்கள் வீட்டு ஆயுதங்கள்: அப்பாவின் மண்டபச் சாவிக்கொத்து, அம்மாவின் தையல் மிஷின், அரிவாள்மனை, மிக்சி, சௌமியின் லேப்டாப், என் ஸ்கூட்டர். எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக வரிசையில் நின்றன. அம்மா வில்லையும் கொண்டுவரச் சொன்னாள். நான் நாணைக் கழற்றிவிட்டுக் கொடுத்தேன்.

"இது இன்னாடி, கழி மாதிரி இருக்குது?"

"நாண் ஏத்தலன்னா அப்படித்தாம்மா இருக்கும்."

"ஏத்து. கழிக்கு யாரு பொட்டு வெப்பாங்க?"

"ரொம்ப நேரம் வளைச்சே வெச்சா மரத்துக்கு ஆவாதும்மா."

"சாமிகிட்ட ஒரு நாளு இருக்கறதுல இன்னா ஆயிடப் போவுது?"

நாண் ஏற்றிக் கொடுத்தேன். அம்மா ஈரச் சந்தனத்தை மேலிருந்து கீழ்வரை தாராளமாக அப்பி, கதம்பச் சரம் சுற்றி, படத்துக்குக் கீழே சாய்த்து வைத்தாள். பூஜை முடிந்ததும் எடுக்கப் போனேன்.

"தொடாத! பூஜையில வெச்சத இன்னிக்கி எடுக்கக் கூடாது. நாளைக்கி காலையிலதான்."

மரத்தின் களைப்பு பற்றி, ஈரம் பற்றி, கடல் காற்று பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா இன்னொரு கற்பூரம் கொளுத்தினாள். கற்பூரம் எரியும்போது எங்கள் வீட்டில் யாரும் அறிவியல் பேசுவதில்லை.

ஆக, என் வில் பூவும் பொட்டுமாக, முழு வளைவில், ஒரு பகலும் ஓர் இரவும் சாமி கும்பிட்டது.

மறுநாள் காலை மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமா. பாரிஸ் பக்கம் போய் நிலைத்துவிட்டவர், விடுமுறைக்கு வந்திருந்தார். அவர் விடுமுறை முடிவதற்குள் மருமகன் கல்யாணத்தை நிச்சயம் செய்துவிட வேண்டும் என்பது அவர்கள் வீட்டுத் திட்டம். அகலக் கரை போட்ட வெள்ளை வேட்டி, தங்க நிற வாட்ச், அறைக்கு அவருக்கு முன்பே வந்துசேரும் சென்ட். காபி கொடுத்தால் நன்றிக்குப் பதில் "மெர்சி" என்றார். அடுத்து சரவணன். புகைப்படத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் ஒல்லி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பூஜை அலமாரிப் பக்கம் பார்வை போய்விட்டது. வில்லைத்தான் பார்த்தார். (சௌமி இதையும் குறித்துக்கொண்டாள்.)

கடைசியாக அவருடைய அம்மா வசந்தா. மாமாவுக்கு அக்கா. நல்ல உயரம், எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்து வந்த முதல் பெண்மணி. ஆண்கள் வார்டில் வருடக்கணக்காக நர்ஸ் வேலை பார்த்துப் புரட்டிப் போட்டுப் பழகிய தோள்கள். கணவர் இறந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. அம்மா குங்குமத் தட்டை நீட்டியபோது அவர் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு சிரித்தார். மாமா நடு நாற்காலியில் உட்கார்ந்தார். அக்காவுக்கு ஓரத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. யாரும் சொல்லாமலே அதில் போய் உட்கார்ந்தார். நல்ல காரியம் எல்லாம் தம்பிதான் முன்னின்று நடத்துவார் என்று புரிந்தது.

நான் காபி கொடுத்தேன். கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். எல்லாம் முறையாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது மாமா வில்லைப் பார்த்தார்.

"இதானா அந்த வில்லு? அட! இன்னிக்கி விஜயதசமி வேற. கோயில்ல சாமியே வாழமரத்துல அம்பு போடுது. நாமளும் ஒரு அம்பு போட்டுட்டுப் பேச்ச ஆரம்பிச்சா நல்ல சகுனமா இருக்கும்ல?"

அப்பாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "வாசல்லயே வாழக்கன்னு கட்டியிருக்குது," என்றார்.

"நானே போடறேன்," என்றேன் நான். என் கைக்குத்தான் அந்த வில் பழகியிருந்தது.

"பொண்ணு எதுக்கும்மா வெயில்ல? நீ நில்லு. மாப்ள ஊட்டுக்காரங்க போடட்டும்," என்றார் அப்பா.

எல்லோரும் வாசலுக்கு வந்தோம். கேட்டின் இரு பக்கமும் வாழைக்கன்றுகள். தலைக்கு மேலே சன்ஷேடில் திருஷ்டிப் பூசணிக்காய் ஒன்று கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது; பெரிய கண், பெரிய மீசை, வெளியே நீட்டிய நாக்கு. போன வருடம் கட்டியது. மாற்றச் சொல்லி அம்மா அப்பாவிடம் பல நாளாகச் சொல்லிவந்தாள். தோல் மட்டும்தான் காய்; உள்ளே எப்போதோ தண்ணீராகியிருந்தது.

மாமா முதலில் வில்லை எடுத்தார். இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. நாண் ஒரு சாண் நகர்ந்தது. "ரொம்ப டைட்டா வெச்சிருக்கீங்க," என்று, வில் ஏதோ ஜாடி மூடி போலச் சொல்லிவிட்டு, தன் வேட்டியைச் சரிசெய்தபடி பூசணிக்காய்க்குக் கீழே நிழலில் போய் நின்றுகொண்டார்.

சரவணன் வாங்கினார். இழுப்பதற்கு முன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வில்லை நீளவாக்கில் பார்த்தார். மேல் கையை விரலால் தடவினார். நடுவில் விரல் நின்றது.

"இங்க ஒரு கணு இருந்துதா?"

"இருந்துச்சி. சமமாக்கிட்டேன்."

அவர் பாதி இழுத்து, காதை மரத்துப் பக்கம் சாய்த்து, மெதுவாகத் திரும்ப விட்டார். "இன்னிக்கி வேணாமே," என்றார்.

"இன்னாடா பயந்தாங்கொள்ளி! பொண்ணூட்டுல மானத்த வாங்கற," என்றார் மாமா.

அப்போதுதான் ஓரத்திலிருந்து குரல் வந்தது. "குடுடா இப்டி."

வசந்தா அம்மா வில்லை வாங்கினார். முந்தானையை இடுப்பில் செருகினார். அம்பை வைத்தார். படுத்த நோயாளியைத் தூக்கி உட்காரவைப்பது போல, அலட்டல் இல்லாமல், ஒரே இழுப்பு. மார்புவரை வந்தது. நான் கணக்குப் போட்டிருந்தது அதுவரைதான். என் கை அவ்வளவுதான் நீளும். அவர் அங்கே நிறுத்தவில்லை. தாடையைத் தாண்டி, காதுவரை போனார்.

ஒரு விநாடி, உண்மையைச் சொன்னால், மிக அழகாக இருந்தது.

பிறகு நடந்தவற்றுக்கு வரிசை கிடையாது. எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தன. பட்டாசு போல ஒரு சத்தம். மேல் கை கணுவில் இரண்டாகி, முனைத்துண்டு நாணிலிருந்து நழுவிப் பறந்தது. அம்பு களைத்துப்போய்க் கோலத்தின் மேல் படுத்துக்கொண்டது. பறந்த துண்டு சன்ஷேடுக்குப் போய்ப் பூசணிக்காயின் மீசையில் மோதியது. ஒரு வருடத்துத் திருஷ்டி முழுவதும் மாமாவின் தோள்மீது இறங்கி, வேட்டிவழியாகத் தரைக்குப் போனது.

மாமா பிரெஞ்சில் ஒரே ஒரு சொல் சொன்னார். அது "மெர்சி" இல்லை. அதற்கு என்ன பொருள் என்று எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும். எதிர்வீட்டுப் பிரெஞ்சுப் பென்ஷன்காரர் ஜன்னலைச் சாத்தினார்.

அந்த நாற்றத்தை விவரிக்கப் போவதில்லை. மாமாவின் சென்ட் அதோடு போராடித் தோற்றது என்று மட்டும் சொல்கிறேன்.

வசந்தா அம்மா கைப்பிடியையும் கீழ்ப் பாதியையும் பிடித்தபடி அப்படியே நின்றார். கையில் காயம் எதுவும் இல்லை. அதை முதலில் பார்த்துக்கொண்டேன். மாமா தோளில் இருந்த விதைகளைத் தட்டிவிட்டார். பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னார்:

"ஒனக்கு எதுக்குக்கா இந்த வேல? நல்ல காரியத்துல நீ போயி கை வெக்கலாமா? ஒனக்கே தெரிய வேணாமா?"

அவர் என்ன சொல்கிறார் என்று அங்கே எல்லோருக்கும் புரிந்தது. வில்லை இழுத்ததைச் சொல்லவில்லை. இழுத்தவர் யார் என்பதைச் சொன்னார். ஆண்கள் வார்டையே அதட்டிப் படுக்கவைக்கும் அந்தப் பெண்மணி, வில்லைத் திண்டின் மேல் வைத்துவிட்டு, கையில் ஒட்டிய சந்தனத்தைப் புடவையில் துடைக்க ஆரம்பித்தார். சந்தனம் போய்விட்ட பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சகுனம் சரியில்ல. கெளம்பலாம்," என்றார் மாமா.

அம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. அப்பா, மண்டபத்தில் மின்சாரம் போகும்போது வைத்துக்கொள்ளும் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பதற்றம் வந்தால் அழுகை வராது. பட்டியல் வரும்.

"மாமா, ஒரு நிமிஷம். இது ஒடைஞ்சதுக்கு மூணு காரணம் இருக்குது," என்றேன்.

மாமா திரும்பினார். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் அறிக்கை வாசித்து அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

"ஒண்ணு, மேல் கையில ஒரு கணு இருந்துச்சி. அழகா இருக்கணும்னு நான் அத சீவிட்டேன். சீவுனதுல நார் அறுந்துடுச்சி. ரெண்டு, நேத்துலருந்து நாண் கழட்டாம வெச்சிருந்தோம், ஈரச் சந்தனத்தோட. மூணு, நான் என் கை நீளத்துக்கு மட்டும்தான் கணக்கு போட்டேன். அத்தை என்னவிட ஒயரம். வேற யாராவது எடுத்து இழுப்பாங்கன்னு நான் யோசிச்சிருக்கணும், யோசிக்கல. மூணும் என் தப்பு. அத்தை கை வெச்சதால எதுவும் ஆவல."

சொல்லி முடித்ததும் எல்லோரும் என்னையே ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எனக்குக் காரணம் புரியவில்லை. அதுவரை நான் அவரை "ஆன்ட்டி" என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சௌமிதான் பிறகு எடுத்துச் சொன்னாள்.

அதே சமயம் என் ஸ்கூட்டருக்கு அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "கெடச்சிடுச்சி!"

சரவணன். இத்தனை நேரமும் அவர் அங்கே இல்லை என்பதையே நாங்கள் கவனிக்கவில்லை. முட்டியில் மண்ணோடு தவழ்ந்து வெளியே வந்தார். கையில் பறந்துபோன துண்டு. திண்டிலிருந்த பாதியை எடுத்து, உடைந்த இரண்டு முகங்களையும் பொருத்திப் பிடிக்க முயன்றார். ஒரு கை போதவில்லை. நான் போய் மறுபாதியைப் பிடித்துக்கொண்டேன். சரியாகப் பொருந்தியது.

"பாருங்க மாமா, கிழிசல் இந்தக் கணுவுலதான் ஆரம்பிச்சிருக்குது. இவங்க சொல்றது சரிதான். நான் இழுத்தப்பவே லேசா சத்தம் கேட்டுச்சி. யாரு இழுத்திருந்தாலும் ஒடைஞ்சிருக்கும்."

"நானா இருந்தாலுமா?" என்றார் மாமா.

"நீங்க இழுக்கவே இல்லியே."

"டேய், சகுனம் சரியில்லன்னு சொன்னா நீங்க ரெண்டு பேரும் மரத்தப் பத்திப் பேசறீங்க!"

வசந்தா அம்மா புடவையிலிருந்து கையை எடுத்தார். நிமிர்ந்தார். நிமிரும்போது அவர் இன்னும் கொஞ்சம் உயரமாகிவிடுகிறார் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

"ஏன்டா, ராமரு வில்ல ஒடிச்சாரு. கல்யாணம் நடந்துச்சா, நின்னு போச்சா?"

"க்கா, அவரு ராமரு."

"நான் வசந்தா. அதனால இன்னா? மொதல்ல நீ புடிச்ச, அசையல. அப்புறம் இவன் புடிச்சான், வேணாம்னான். நான் ஒடிச்சேன். ஒடிச்சவங்களுக்குத்தான் பொண்ணு. அதான மொற?" என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா, வர்றியா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு உண்டு. "காரணம் ரெண்டையும் மூணையும் இன்னும் நிரூபிக்கலியே" என்று சொன்னதாகச் சௌமி சாதிக்கிறாள். தலையாட்டினேன் என்பதுதான் என் நினைவு.

அம்மா கிடைத்த இடைவெளியை விடவில்லை. "திருஷ்டி பூசணிக்காயும் தானா ஒடைஞ்சி எல்லாம் கழிஞ்சி போச்சிங்க! இத விட நல்ல சகுனம் இன்னா வேணும்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டு, உள்ளே போய்க் குங்குமத் தட்டோடு திரும்பி வந்தாள். இந்த முறை நீட்டவில்லை. வசந்தா அம்மாவின் கையைப் பிடித்து, அதில் தட்டையே கொடுத்தாள். "நீங்களே வெச்சி விடுங்க," என்றாள். அவர் ஒரு கணம் தம்பியைப் பார்த்தார். தம்பி பூசணி விதை எடுப்பதில் மும்முரமாக இருந்தார். பிறகு விரலில் குங்குமம் எடுத்து எனக்கு வைத்தார். அழுத்தி வைத்தார், அன்று மாலைவரை நெற்றி லேசாக வலித்தது.

அப்பா ஓடிப்போய்த் தன் வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து மாமாவுக்குக் கொடுத்தார். நீலக் கரையில் மண்டபத்தின் பெயர் அச்சிட்டது. அதைக் கட்டிக்கொண்டுதான் மாமா என் நிச்சயத்தாம்பூலத்துக்கு நாள் குறித்தார்.

சௌமி காதருகே வந்து மெதுவாகக் கேட்டாள்: "நிவே, எது எந்த எடத்துல ஒடையும்னு முன்னாடியே சொல்றதுக்குத்தான உனக்குச் சம்பளம் தராங்க?"

இப்போதைய நிலவரம் இதுதான்.

எனக்கும் சரவணனுக்கும் கல்யாணமாகி லாஸ்பேட்டையில் இருக்கிறோம். நாங்கள் இருவரும் வாக்குவாதம் செய்தால் அத்தை சமையலறையிலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "டேய், வில்ல ஒடிச்சவ நானு. அவ என் பொண்டாட்டி மாதிரி. நீ நடுவுல பேசாத." விருந்தாளிகள் முன்னாலும் சொல்வார். மாமா பாரிஸிலிருந்து போன் செய்யும்போதெல்லாம், வேறு எதையும் விசாரிப்பதற்கு முன்னால், "வாசல்ல பூசணிக்கா கட்டியிருக்கீங்களா?" என்று கேட்கிறார். கட்டவில்லை என்று உறுதி சொன்ன பிறகுதான் விடுமுறைக்கு டிக்கெட் எடுக்கிறார்.

பழைய வில்லின் கீழ்ப் பாதி பரண்மேலிருந்து டப்பா தள்ளி எடுக்கப் பயன்படுகிறது. மேல் துண்டு, கணுவோடு, என் அலுவலக மேசையில் இருக்கிறது.

புதிய சவுக்கு ஒன்று மாடியில் நிழலில் காய்கிறது. துணிக்கொடிக்கு வேறு கழி வாங்கிக் கொடுத்துவிட்டேன். இந்த மரத்தில் இரண்டு கணுக்கள். இரண்டையும் தொடப் போவதில்லை. அத்தையின் கை நீளத்தை அளந்தாகிவிட்டது.